சிக்கலாக்கப்படும் வாழ்வு: ‘தாசிகள் மோசவலை’ நாவலும் சமுதாயச் சிக்கல் என்னும் கருத்தாக்கமும்

முன்னுரை

தமிழ்ப் புனைகதை ஆய்வேடுகளுள் ‘சமுதாயச் சிக்கல்கள்’ என்னும் இயல் இடம்பெறாதவை குறைவு. வறுமை, வரதட்சணை, சாதி, மது, விதவை நிலை, பரத்தமை எனச் சிக்கல்கள் வரிசைப்படுத்தப்படும். ஒவ்வொன்றுக்கும் நாவலிலிருந்து சான்று காட்டப்படும். பின்னர் ஆசிரியர் கூறும் தீர்வு சுட்டப்படும். இவ்வணுகுமுறையின் அடியில் ஆராயப்படாத முற்கோள் ஒன்று உள்ளது. சிக்கல் என்பது இலக்கியத்திற்கு வெளியே முன்னரே முழுமையாக உருப்பெற்றுக் கிடக்கிறது. இலக்கியம் அதனைக் காட்டும் கண்ணாடி மட்டுமே என்பதே அம்முற்கோள்.

இம்முற்கோள் ஓர் எளிய வினாவிற்கு விடை தருவதில்லை. பல நூற்றாண்டுகள் ஒரு வழக்கம் நிலவியிருக்க, அது ஒரு குறிப்பிட்ட காலத்தில் மட்டும் சமுதாயச் சிக்கலாக அறியப்படுவது ஏன்? மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ (1936) என்னும் நாவலைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். சிக்கல் உருவாகும் களங்களுள் இலக்கியமும் ஒன்று என்பதும், சிக்கலை வரையறுக்கும் உரிமை யாரிடம் செல்கிறது என்பதைப் பொறுத்தே தீர்வின் பயன் யாரைச் சேரும் என்பது அமைகிறது என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

சிக்கல் எவ்வாறு சிக்கலாகிறது?

சமுதாயச் சிக்கல் என்பது சமூகத்தில் காணப்படும் புறநிலைக் கேடு என்பதே சமூகவியலில் நெடுங்காலம் வழங்கிய கருத்தாகும். 1971இல் வெளிவந்த தம் கட்டுரையில் ஹெர்பர்ட் புளூமர் இதனை மறுத்தார். கேடு நிலவுவதனால் மட்டும் அது சிக்கலாவதில்லை; சமூகம் அதனைச் சிக்கல் எனக் கூட்டாக வரையறுக்கும்போதே அது சிக்கலாகிறது என்பது அவர் கருத்து. இவ்வரையறை ஐந்து படிநிலைகளில் நிகழ்வதாக அவர் விளக்கினார். அவை: சிக்கல் தோன்றுதல், பொது ஏற்புப் பெறுதல், செயலுக்கு மக்களைத் திரட்டுதல், அரசு சார்ந்த திட்டம் உருவாதல், அத்திட்டம் நடைமுறையில் உருமாறுதல் என்பன. மால்கம் ஸ்பெக்டரும் ஜான் கிட்சூசும் 1977இல் வெளியிட்ட நூலில், சிக்கல் என்பது முறையீடுகளின் தொகுதியே என்னும் அளவிற்கு இக்கருத்தைக் கொண்டு சென்றனர். ஜோசப் கஸ்ஃபீல்டு 1981இல் வெளிவந்த தம் நூலில் சிக்கலுக்கு ‘உரிமையாளர்’ உண்டு என்றார். ஒரு சிக்கலைப் பற்றிப் பேசும் தகுதி யாருக்கு, அதற்குக் காரணம் யார், அதனைத் தீர்க்கும் பொறுப்பு யாருடையது என்னும் மூன்று வினாக்களுக்கும் கிடைக்கும் விடைகளே பொதுச் சிக்கலின் வடிவத்தை முடிவு செய்கின்றன.

துன்பம் உண்மையன்று என்பது இவர்கள் கூற்றன்று. துன்பம் வேறு, அது சிக்கலாக ஏற்கப்படுதல் வேறு என்பதே கூற்றாகும். குற்றவாளி, பாதிக்கப்பட்டவர், மீட்பவர் என்னும் மூவரை வகுத்துக்கொள்ளாமல் எந்தச் சிக்கலையும் எடுத்துரைக்க இயலாது. இம்மூவரும் ஒரு கதையின் மாந்தர்களே. எனவே சிக்கலின் உருவாக்கத்தை ஆராய்வதில் இலக்கியத் திறனாய்வுக்கும் உரிய இடம் உண்டு எனலாம்.

குற்றமும் சிக்கலும்

பொருட்பெண்டிரைப் பற்றிய கண்டனம் தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளில் ‘வரைவின் மகளிர்’ 92ஆம் அதிகாரமாக அமைந்துள்ளது. அதனைக் கள்ளுண்ணாமை, சூது ஆகியன தொடர்கின்றன. மூன்றும் பொருட்பாலில் ஆண்மகனின் பொருளையும் அறிவையும் அழிக்கும் தீய தொடர்புகளாகவே வைத்துப் பேசப்படுகின்றன. அறிவுரை ஆணை நோக்கியது. இவ்வழக்கத்தை ஒழிக்குமாறு அரசனிடம் முறையீடு எதுவும் இல்லை.

மணிமேகலைக் காப்பியம் இதனினும் நுட்பமான சான்றாகும். மாதவி தன் மகளைக் கணிகையர் வாழ்விலிருந்து விலக்குகிறாள். சித்திராபதி அதனை எதிர்க்கிறாள். குலத்தொழில் தொடர வேண்டுமா என்னும் வினா இங்கு வெளிப்படையாகவே எழுகிறது. எனினும் அதற்குக் கிடைக்கும் விடை தனியொருத்தியின் துறவே. அதே காப்பியத்தில் பசி என்னும் துன்பம் வேறு வகையில் எதிர்கொள்ளப்படுகிறது. மணிமேகலையின் வேண்டுகோளால் அரசனின் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. ஆகவே பொதுத் துன்பத்திற்கு அரசு வழியாகத் தீர்வு காணலாம் என்னும் எண்ணம் பழந்தமிழ்ச் சூழலில் இல்லாமல் இல்லை. அவ்வெண்ணம் பசிக்குப் பொருந்தியது. கணிகையர் வாழ்வுக்குப் பொருந்தவில்லை. பசி பொதுவாகவும் கணிகை வாழ்வு வினைப்பயனாகவும் கொள்ளப்பட்டமையே இவ்வேறுபாட்டின் காரணம் எனக் கருத இடமுண்டு.

கோயில் சார்ந்த பெண்டிரின் வரலாற்று நிலையும் இவண் கருதத்தக்கது. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்காக வழங்கப்பட்டன. ‘தேவரடியார்’, ‘பதியிலார்’ முதலிய பெயர்கள் கல்வெட்டுகளில் பயில்கின்றன. ‘தேவதாசி’ என்னும் சொல்லோ மிக அரிது. லெஸ்லி ஓர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, சோழர் காலக் கோயிற் பெண்டிர் கொடையாளர்களாகவும் விளங்கியதை விரிவாக நிறுவியது. பல்வேறு நிலையினரான பெண்டிரைத் ‘தேவதாசி’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பது பிற்காலச் செயல். சிக்கலாக்கத்தின் முதற்படி இப்பெயரிடலே எனலாம். பல வாழ்வுகள் ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்ட பின்னரே அப்பெயரை ஒழிக்குமாறு கோர இயலும்.

பெயரிடும் போட்டி

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நாட்டிய எதிர்ப்பு இயக்கம் இச்சிக்கலுக்கு முதல் வரையறை தந்தது. 1893இல் சென்னை இந்து சமூகச் சீர்திருத்தச் சங்கத்தினர், நாட்டிய விருந்துகளில் கலந்துகொள்ள வேண்டா என வைசிராய்க்கும் சென்னை ஆளுநருக்கும் விண்ணப்பம் அளித்தனர். ஆட்சியாளர் அதனை ஏற்கவில்லை. இவ்விண்ணப்பத்தில் சிக்கலாகக் கருதப்பட்டது கனவான்களின் ஒழுக்கமும் குடும்பத் தூய்மையும் ஆகும். ஆடிய பெண்ணின் வாழ்வு அன்று. புளூமரின் சொற்களில் கூறின், இது தோன்றிய சிக்கல். ஏற்புப் பெறாத சிக்கல்.

1920களில் வரையறை மாறியது. மருத்துவரும் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவருமான முத்துலட்சுமி ரெட்டி 1927இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யப் பரிந்துரைக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். இங்குச் சிக்கலின் மையம் சிறுமியின் மீது குவிந்தது. தன் விருப்பமறியாப் பருவத்தில் ஒரு பெண் குழந்தை இத்தொழிலுக்கு ஒப்படைக்கப்படுகிறாள் என்பதும், பால்வினை நோய்கள் பரவுகின்றன என்பதும் அவர் முன்வைத்த வாதங்களாகும். கனவான்களின் ஒழுக்கம் என்பதிலிருந்து குழந்தையின் உரிமை, பொதுச் சுகாதாரம் என்பனவற்றிற்குச் சிக்கல் இடம்பெயர்ந்தது. 1929இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் கோயில் ஊழியத்திலிருந்து மானிய நிலத்தைப் பிரித்து அப்பெண்டிருக்கே உரியதாக்க முனைந்தது. சத்தியமூர்த்தி உள்ளிட்டோர் மரபின் பெயரால் இச்சீர்திருத்தத்தை எதிர்த்தனர்.

இவ்விரு தரப்பிற்கும் அப்பால் மூன்றாம் குரலும் ஒலித்தது. அது தேவதாசியரின் குரல். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்டோர் சங்கமாகத் திரண்டு சட்டத்திற்கு எதிராக விண்ணப்பம் அளித்தனர். தாங்கள் விலைமகளிர் அல்லர் என்பதும், தங்களுக்குத் தேவை கல்வியே என்பதும் அவர்தம் வாதங்களின் சாரமாகும். முத்துப்பழனியின் தெலுங்குக் காவியமான ‘ராதிகா சாந்தவன’த்தை 1910இல் பதிப்பித்து, அது ஆபாசம் எனத் தடைசெய்யப்படுவதையும் கண்டவர் நாகரத்தினம்மாள். ஒரு பெண்ணின் எழுத்தை ஆபாசம் எனப் பெயரிட்ட அதே ஆற்றல் பெண்களின் வாழ்வையும் பெயரிடுவதை அவர் உணர்ந்திருத்தல் இயல்பே. ஆயின் சட்டமன்றத்தில் இவர்களுக்கு இடமில்லை. கஸ்ஃபீல்டின் கருத்துப்படி, இவர்கள் சிக்கலுக்குள் இருந்தனர். சிக்கலின் உரிமையாளராக இல்லை.

இக்காலத்திலேயே நான்காவதாக மற்றொரு வரையறையும் எழுந்தது. அழிந்துவருவது கலை என்றும், காக்கப்பட வேண்டியது ஆடல் என்றும் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் முதலியோர் வாதிட்டனர். சதிர், பரதநாட்டியம் என்னும் பெயர் பெற்றது. ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தோற்றுவித்ததும் இராமாமிர்தம் அம்மையாரின் நாவல் வெளிவந்ததும் 1936ஆம் ஆண்டிலேயே என்பது நோக்கத்தக்கது. ஒரு புறம் ஆடல் அதனை ஆடியவரிடமிருந்து பிரிக்கப்பட்டு மதிப்புப் பெற்றது. மறுபுறம் ஆடியவர் ஆடலிலிருந்து பிரிக்கப்பட்டுச் சிக்கலாயினர்.

பழங்கதையும் புதுச்சிக்கலும்

இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) இச்சிக்கலை வெளியிலிருந்து கண்டவர் அல்லர். சிறுவயதிலேயே தேவதாசிக் குடும்பம் ஒன்றில் ஒப்படைக்கப்பட்டு வளர்ந்தவர். அவ்வாழ்வை மறுத்துத் தம் இசையாசிரியரை மணந்தவர். காங்கிரசிலும் பின்னர்ச் சுயமரியாதை இயக்கத்திலும் பணியாற்றியவர். ஆகவே இந்நாவல் அனுபவ ஆவணமாகவே பெரிதும் வாசிக்கப்பட்டுள்ளது. எஸ். ஆனந்தி 1991இல் இதனைத் தீவிரப் பிரதியாக மதிப்பிட்டார். கல்பனா கண்ணபிரானும் வசந்த் கண்ணபிரானும் 2003இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டனர். இவ்வாய்வுகள் நாவலின் அரசியலை வெளிக்கொணர்ந்தன. அதன் கதையமைப்பின் மரபு தனியே ஆராயத்தக்கது.

காந்தா, கானவதி என்னும் தாசிச் சகோதரியர் தாயின் பயிற்சியில் செல்வர்களை மயக்கிப் பொருள் பறிக்கின்றனர். மைனர் ஒருவன் அவ்வலையில் வீழ்ந்து பொருளை இழக்கிறான். கல்வியறிவு பெற்ற அவன் மனைவி ஞானசுந்தரி உள்ளிட்டோரின் முயற்சியால் உண்மை வெளிப்படுகிறது; மைனர் மதிபெறுகிறான். இக்கதையின் எலும்புக்கூடு தமிழ் வாசகர்க்கு மிகப் பழக்கமானது. 18ஆம் நூற்றாண்டில் செழித்த விறலிவிடு தூது நூல்களின் கதைப்போக்கே இது. மனைவியோடு பிணங்கிப் பிரியும் தலைவன், தாசியின் மையலில் வீழ்தல், தாய்க்கிழவி மகளுக்குச் சூழ்ச்சி கற்பித்தல், தலைவன் பொருளனைத்தும் இழந்து விரட்டப்படுதல், இறுதியில் மனைவியை அடைய விழைதல் என்பன அவ்வகைமையின் நிலையான கூறுகள். சுப்பிரதீபக் கவிராயரின் ‘கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது’ இதற்குச் சிறந்த சான்றாகும்.

கதை ஒன்றாயினும் முறையீடு வேறு. விறலிவிடு தூதில் பொருளிழந்தவன் வள்ளலிடம் செல்கிறான், வள்ளல் பொருள் தருகிறான், இழப்பு ஈடுசெய்யப்படுகிறது. தாசியின் தெரு முன்போலவே இயங்குகிறது. அங்கு நிகழ்ந்தது ஓர் ஆடவனின் மடமை. அது நகைச்சுவைக்கும் அறிவுரைக்கும் உரியது. நாவலில் வள்ளல் இல்லை. வள்ளலாக வேண்டிய செல்வர்களே வலையில் சிக்கியோராகவும் வலையைப் பேணுவோராகவும் உள்ளனர். எனவே முறையீடு பொதுமக்களிடம் திரும்புகிறது. விறலிவிடு தூது கொடையிலும் குடும்ப இணக்கத்திலும் முடிய, இந்நாவல் சொற்பொழிவுகளையும் தேவதாசி ஒழிப்பு மாநாட்டையும் நோக்கி நகர்கிறது. திறனாய்வாளர் சிலர் நாவலின் கலைக்குறையாகக் காணும் இந்நீண்ட பேச்சுகளே, பழங்கதை சிக்கலாக மாற்றப்படும் இடங்களாகும். கதை நின்று பேச்சு தொடங்குமிடத்தில், ஒருவனுக்கு நேர்ந்தது பலர்க்கும் பொதுவானதாக மறுவரையறை செய்யப்படுகிறது.

ஆயினும் பழங்கதையின் சுமை நாவலை விட்டு நீங்கவில்லை. ‘தாசிகள் மோசவலை’ என்னும் முதற்பெயரில் குற்றவாளியர் தாசிகள். ‘மதிபெற்ற மைனர்’ என்னும் இரண்டாம் பெயரில் மீட்சி பெறுபவன் ஆண். விறலிவிடு தூதிலும் இவ்விருவருமே முதன்மை மாந்தர். மறுபுறம், நாவலின் வாதப்பகுதிகள் வேறொரு பட்டியலைத் தருகின்றன. அங்குக் குற்றவாளியர் சமயத்தின் பெயரால் இவ்வழக்கத்தை நியாயப்படுத்துவோரும் செல்வரும்; பாதிக்கப்பட்டோர் தாசிக்குலப் பெண்கள்; மீட்போர் அக்குலத்திலிருந்தே வெளிவந்த பெண்கள். கதை ஒருவரைக் குற்றஞ்சாட்ட, வாதம் மற்றவரைக் குற்றஞ்சாட்டுகிறது.

இம்முரணை ஆசிரியரின் குழப்பமாகக் கொள்ளுதல் பொருந்தாது. தன் வாழ்வின் துன்பத்தைப் பொதுச் சிக்கலாக ஏற்பிக்க விழைந்தவர், வாசகர் அறிந்த கதைவடிவத்தைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அக்கதைவடிவமோ ஆண்களின் இழப்பைப் பேசுவதற்காக உருவானது. பொருளிழந்த மைனருக்காக இரங்க வாசகர் ஏற்கெனவே பழகியிருந்தனர். விற்கப்பட்ட சிறுமிக்காக இரங்க அவர்களை இனிமேல்தான் பழக்க வேண்டியிருந்தது. முன்னதன் வழியே பின்னதைக் கொண்டுசேர்க்க முயன்றதே இந்நாவலின் சாதனையும் அதன் இழப்பும் ஆகும்.

சட்டம் ஏற்றதும் விடுத்ததும்

1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டம், பொட்டுக்கட்டுதலைச் சட்டத்திற்குப் புறம்பானதாக்கியது. பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணின் திருமணம் செல்லும் என அறிவித்தது. சிறுமியரைக் கோயிலுக்கு ஒப்படைக்கும் வழக்கத்திற்குச் சட்டத்தின் துணை இல்லாது போயிற்று. இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. இராமாமிர்தம் அம்மையாரும் முத்துலட்சுமி ரெட்டியும் இல்லாமல் இது கைகூடியிராது.

எனினும் திட்டமாகும்போது சிக்கல் சுருங்கும் என்னும் புளூமரின் கருத்து இங்கும் மெய்யாயிற்று. நாகரத்தினம்மாள் தரப்பினர் கோரிய கல்விக்கு இச்சட்டத்தில் இடமில்லை. வாழ்வாதாரத்திற்கும் ஏற்பாடு இல்லை. நாவல் சுட்டிய செல்வரும் சமய நியாயங்களும் சட்டத்தின் பார்வைக்கு வெளியே நின்றனர். ஒழிப்பின் பயன் பெண்களைவிட அக்குல ஆண்களையே கூடுதலாகச் சேர்ந்தது என அம்ரித் சீனிவாசன் 1985இல் எடுத்துக்காட்டினார். இசை வேளாளர் என்னும் புதிய பெயரின்கீழ் நாகசுரக் கலைஞரும் நட்டுவனாரும் மதிப்புப் பெற்றனர். ஆடிய பெண்களுக்கு அம்மதிப்பு வாய்க்கவில்லை. தேவேஷ் சோனேஜி 2012இல் வெளியிட்ட நூல், இப்பெண்டிரின் பிற்கால வாழ்வில் நினைவும் மறைப்பும் எவ்வாறு கலந்திருந்தன என்பதைப் பதிவு செய்தது.

பிற மாநிலங்களின் பட்டறிவும் இதனை வலியுறுத்தும். கருநாடகம் 1982இலும் ஆந்திரப் பிரதேசம் 1988இலும் தனிச் சட்டங்கள் இயற்றின. அங்குப் பொட்டுக்கட்டப்பட்டோர் பெரிதும் தலித் பெண்கள். ஆகவே அங்குச் சிக்கல் கோயில் மரபு, கலை என்பவற்றைக் காட்டிலும் சாதி, வறுமை, நிலமின்மை என்பவற்றின் மொழியில் பேசப்பட்டது. ‘தேவதாசி’ என்னும் பெயர் ஒன்றே. அது சுட்டும் சிக்கல் ஒன்றன்று.

முடிவுரை

தேவதாசி முறை தன் கொடுமையினால் மட்டும் சமுதாயச் சிக்கலாகவில்லை. பல வாழ்வுகள் ஒரு பெயரில் தொகுக்கப்பட்டமையாலும், முறையீடு தனிமனிதனிடமிருந்து அரசுக்கும் பொதுமக்களுக்கும் திரும்பியமையாலும், குற்றவாளி, பாதிக்கப்பட்டவர், மீட்பவர் என்னும் கதை ஏற்கப்பட்டமையாலும் அது சிக்கலாயிற்று. இக்கதையைப் படைத்ததில் ‘தாசிகள் மோசவலை’க்குப் பங்குண்டு. ஆண்களின் இழப்பைப் பாடிய விறலிவிடு தூது மரபைப் பெண்களின் விடுதலைக்குப் பயன்படுத்த அது முயன்றது. அம்மரபின் பழிச்சொல்லிலிருந்து அது முழுதும் விடுபடவில்லை.

இந்நோக்கில், ‘நாவலில் சமுதாயச் சிக்கல்கள்’ என்னும் இயல் இனி எழுதப்படுமாயின், சிக்கல் எது, தீர்வு எது என்பதோடு அது நிறைவுறுதல் இயலாது. அதனைச் சிக்கல் என்று முதலில் சொன்னவர் யார், அவ்வரையறையில் எவர் குரல் விடுபட்டது, எந்தப் பழங்கதையின் வடிவம் புதிய வழக்கிற்குக் கடனாகப் பெறப்பட்டது என்னும் வினாக்களும் அவ்வியலில் இடம்பெற வேண்டும். பட்டியலிடுதல் ஆய்வாவது அப்போதுதான்.

இராமாமிர்தம் அம்மையாரின் பெயரால் 1989இல் தமிழ்நாட்டில் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம் தொடங்கப்பெற்றது. 2022இல் அத்திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்கு மாதந்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் திட்டமாயிற்று. பெயர் மாறவில்லை, திருமணமின்மை என்னும் சிக்கல் கல்வியின்மை என்னும் சிக்கலாக மறுவரையறை செய்யப்பட்டது. கல்வியே தேவை எனக் கோரி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் செவிசாய்க்கப்படாதுபோன மற்றொரு தரப்பின் விண்ணப்பத்தை இம்மாற்றம் நினைவூட்டுகிறது. எதிரெதிரே நின்ற அவ்விரு தரப்புப் பெண்களையும் ஒருசேரப் படிப்பதே தமிழாய்வு இவ்வரலாற்றுக்குச் செய்ய வேண்டிய கடமையாகும்.